பையனுக்காகக் கட்டிய வீடு

வீட்டு வேலையைத் தொட்டால் முடியாது என்பார்கள். பாத்ரூம் டைல்ஸ் மாற்றலாம் என்று ஆரம்பிப்போம், கடைசியில் சமையலறைச் சுவரை இடித்துக்கொண்டு நிற்போம். எங்க வீட்டில் ஒரு லாஃப்ட் போட மூணு மாசம் ஆச்சு. ஆனால் ஒரு மனிதர் 1792-ல் ஆரம்பித்த வீட்டு வேலையை 1837-ல் சாகும்வரை நிறுத்தவே இல்லை. ஒரு வீடு வாங்கினார், இடித்துக் கட்டினார். பக்கத்து வீட்டை வாங்கினார், இடித்துக் கட்டினார். அதற்கும் பக்கத்து வீட்டை வாங்கினார். லண்டனில் இருந்த அந்த ஆளின் பெயர் ஜான் சோன். ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்களுக்குத் தெரிந்த பெயராக இருக்கும். மத்த டிபார்ட்மென்ட்காரங்களும் படிங்க. இது வெறும் வீடு கட்டிய கதை இல்லை. அப்பா, பையன், என்ன படிக்கிறது என்கிற தகராறு எல்லாம் இதில் இருக்கு.

சோன் 1753-ல் தேம்ஸ் நதிக்கரையில் கோரிங் என்கிற ஊர்ப்பக்கம் பிறந்தார். அப்பா கொத்தனார். அண்ணனும் கொத்தனார். 14 வயசில் அப்பா போயாச்சு. 15 வயசில் ஜார்ஜ் டான்ஸ் என்ற லண்டன் கட்டடக் கலைஞரின் ஆபீசில் போய்ச் சேர்ந்தார். எடுபிடி வேலையில் தொடங்கி வரைபடம் வரையக் கற்றுக்கொண்டார். 1771-ல் ராயல் அகாடமி பள்ளியில் இடம் கிடைத்தது.

1776-ல் அகாடமியின் தங்கப் பதக்கப் போட்டிக்கு ஒரு பிரம்மாண்டமான பாலத்தை டிசைன் பண்ணிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் ஒரு நாள் கூட்டாளிகள் எல்லாரும் படகில் கிளம்பினார்கள். வேலை முடியவில்லை, நான் வரவில்லை என்று சோன் உட்கார்ந்துவிட்டார். படகு கவிழ்ந்து ஜேம்ஸ் கிங் என்ற நண்பர் மூழ்கி இறந்துபோனார். சோனுக்கும் நீச்சல் தெரியாது. சப்மிஷனால் உயிர் தப்பிய ஒரே மாணவர் இவராகத்தான் இருப்பார். செத்துப்போன நண்பனுக்கு ஒரு நினைவு மண்டபம் வரைந்து வைத்தார். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

பதக்கத்தோடு இத்தாலி போக உதவித்தொகை வந்தது. 1778-ல் கிளம்பினார். ரோம், பாம்பேய், இடிந்த கோயில்கள், அந்த ஊர் வெயில் என்று எல்லாமே மனசில் ஒட்டிக்கொண்டது. முக்கியமாக அந்த வெயில். அங்கே பிரபு ஒருத்தர், மத குருவும்கூட, அயர்லாந்தில் உள்ள தன் மாளிகையில் பெரிய வேலை இருக்கு, உடனே வா என்றார். இவரும் நம்பி, படிப்புப் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். அளவெல்லாம் எடுத்துக் கொடுத்தார். வேலையும் வரவில்லை, காசும் வரவில்லை. 1780-ல் வெறுங்கையோடு திரும்பினார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். 1784-ல் எலிசபெத் ஸ்மித்தைக் கல்யாணம் செய்துகொண்டார். ஏறக்குறைய அப்போதுதான் தன் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார். நம்ம ஊர் நியூமராலஜி இல்லை. கொத்தனார் வீட்டுப் பெயர் கொஞ்சம் பெரிய இடத்துப் பெயர் மாதிரித் தெரியட்டும் என்றுதான். 1788-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர் பதவி கிடைத்தது. 45 வருஷம் அதில் இருந்தார். 1790-ல் எலிசபெத்தின் மாமா, பணக்கார பில்டர், இறந்துபோக அவருடைய சொத்தும் வந்தது. அந்தப் பணத்தில்தான் 1792-ல் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற சதுக்கத்தில் 12-ஆம் நம்பர் வீட்டை வாங்கினார்.

அவர் வாழ்நாள் முழுக்கப் போராடிய பிரச்சினை நமக்கும் தெரிந்ததுதான். லண்டன் வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டியவை. ரெண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு சேர்ந்திருக்கும். ஜன்னல் முன்னால் வைக்கலாம், பின்னால் வைக்கலாம், நடுவில் இருக்கிற ரூமெல்லாம் இருட்டுதான். லண்டன் வானமோ பாதி நாள் சாம்பல் நிறம். இத்தாலி வெயிலைப் பார்த்துவிட்டு வந்த ஆளுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

எலிசபெத்துக்கு நாலு ஆண் குழந்தைகள் பிறந்து ரெண்டுதான் தங்கியது. பெரியவன் ஜான், சின்னவன் ஜார்ஜ். ரெண்டு பேரும் கட்டடக் கலைஞர் ஆகணும், சோன் என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக வரணும். கொத்தனார் மகன் கண்ட கனவு இதுதான். இதற்காக 1800-ல் லண்டனுக்கு வெளியே ஈலிங்கில் பிட்ஸ்ஹாங்கர் என்ற பெரிய வீட்டை 4,500 பவுண்டுக்கு வாங்கினார். பெரியவனுக்கு 14 வயசு, சின்னவனுக்கு 11 ஆகப்போகுது.

அந்த வீட்டின் ஒரு பகுதி அவருடைய பழைய குரு டான்ஸ் கட்டியது. சோன் பையனாக அந்த ஆபீசில் சேர்ந்த புதிதில் கைவைத்த வேலை அது. அதை மட்டும் விட்டுவைத்து மிச்சத்தை இடித்தார். முகப்பில் நாலு தூண், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிலை. காலைச் சாப்பாட்டு அறைக்குத் தட்டையான குவிமாடம். ஒரு அறையில் பறவையும் பூவும் கையால் வரைந்த சீன வால்பேப்பர். தோட்டத்தில் பழைய ரோமானியக் கோயில் இடிந்து கிடப்பது போலப் புத்தம் புதிதாகக் கட்டிய இடிபாடுகள் வேறு! இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்ந்தால் பசங்களுக்குத் தானாக ரசனை வந்துவிடும் என்று நம்பினார். வீட்டையே ஒரு சிலபஸ் மாதிரி போட்டுவைத்தார்.

பசங்களுக்கு அது பிடிக்கவில்லை. பெரியவன் உடம்பு பலவீனமானவன், படிப்பில் மனசு இல்லாதவன். அப்பா சொல்லுக்காக ஒரு கலைஞரிடம் பயிற்சிக்குப் போனான், ஒட்டவில்லை. சின்னவன் ஜார்ஜ் புத்திசாலி, ஆனால் அவனுக்கு எழுத்தாளன் ஆகணும், நாடகம் எழுதணும். 1810-ல் சோன் பிட்ஸ்ஹாங்கரை விற்றுவிட்டார். யாருக்காகக் கட்டினாரோ அவர்களுக்கே வேண்டாம் என்றால் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த வருஷம் ஜார்ஜ் அப்பா அம்மாவை வெறுப்பேற்றுவதற்காகவே ஒரு கல்யாணம் செய்துகொண்டான். அப்படித்தான் என்று அம்மாவுக்கே கடிதமும் எழுதினான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். சோன் பாவம், பசங்க மோசம் என்று முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. மனிதர் முன்கோபி. ராயல் அகாடமியில் பேராசிரியராக இருந்தபோது, உயிரோடு இருக்கிற இன்னொருவர் கட்டிய கட்டடத்தை லெக்சரில் குறை சொல்லப்போய், அந்தத் தகராறில் 1810-லிருந்து சில வருஷம் வகுப்பே நின்றுபோனது. வீட்டில் எப்படி இருந்திருப்பார் என்று யூகிக்கலாம். ஆனால் மற்றவர் வீட்டுப் பிள்ளைகளிடம் வேறு ஆள். ஒவ்வொரு லெக்சருக்கும் முதல் நாளும் மறுநாளும் தன் வீட்டை மாணவர்களுக்குத் திறந்துவிடுவார். வந்து பார், வரைந்துகொள், தொட்டுப் பார்.

பிட்ஸ்ஹாங்கர் போனதும் மொத்த வெறியும் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் பக்கம் திரும்பியது. 13-ஆம் நம்பர் வீட்டை வாங்கி 1812-ல் இடித்துக் கட்டினார். முகப்பை வெளியே தள்ளிக் கல்லில் ஒரு வராண்டா எழுப்பினார். விதிமீறல் என்று அந்த வட்டார சர்வேயர் கேஸ் போட்டார். சோன் ஜெயித்தார். திறந்திருந்த அந்த வராண்டாவைப் பின்னாளில் கண்ணாடி போட்டு அடைத்து ரூமோடு சேர்த்துக்கொண்டார். பால்கனியை அடைத்து ரூமாக்கும் நம்ம அபார்ட்மென்ட் வித்தைக்கு இருநூறு வயசு!

உள்ளேதான் விஷயமே இருக்கு. காலைச் சாப்பாட்டு அறையை எடுத்துக்கொள்வோம். வீட்டின் நடுவில் மாட்டிய சின்ன ரூம். அதன் மேல் ஒரு தட்டையான குவிமாடம், கைக்குட்டையை நாலு முனையில் பிடித்துத் தூக்கினாற்போல. குவிமாடம் சுவரைத் தொடுவதில்லை. அதற்கும் சுவருக்கும் நடுவே ரெண்டு பக்கம் இடைவெளி விட்டு, அதற்கு மேலே கூரையில் கண்ணாடி வைத்தார். அங்கிருந்து வெளிச்சம் சுவர் வழியாக வழிந்து இறங்கும். எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நாலு மூலையிலும் வட்டமான குவியாடி. சாதாரணக் கண்ணாடி ஒரு பக்கத்தைத்தான் காட்டும், குவியாடி ரூம் முழுவதையும் சின்னதாகச் சுருட்டிக் காட்டும். நம்ம பார்க்கிங் வளைவில் வைத்திருப்பார்களே, அதே பிசிக்ஸ். ரூம் பெரிதாகவில்லை, ஆனால் கண்ணுக்கு எல்லை தெரிவதில்லை.

பக்கத்தில் நூலகமும் சாப்பாட்டு அறையும் ஒன்றாகச் சேர்ந்த ஹால். சுவருக்கு அடர்ந்த சிவப்பு. பாம்பேயில் பொறுக்கி வந்த சுவர்ப் பூச்சுத் துண்டின் நிறம் அது என்று சொல்வதுண்டு. புத்தக அலமாரிக்கு மேலே கூரை வரை கண்ணாடி. அதனால் கூரை அடுத்த ரூமுக்குள் தொடர்ந்து போவது போலத் தெரியும். மாடியில் விருந்தினர் அறைக்குப் போனால் பளீரென்ற மஞ்சள். கீழே சாயங்காலம், மேலே நண்பகல். கூரைக் கண்ணாடிகள் பலவற்றில் மஞ்சள் கண்ணாடி போட்டார். லண்டனின் சாம்பல் வெளிச்சம் அதன் வழியே வந்தால் இத்தாலி வெயில் மாதிரி ஆகிவிடும். இன்ஸ்டாகிராம் ஃபில்டரைக் கூரையிலேயே பொருத்திய மனுஷன். அதே சமயம் அந்த வீட்டைக் கதகதப்பாக்க முடியாமல் வருஷக்கணக்கில் திண்டாடினார். நீராவியும் சூடான காற்றும் சரிவரவில்லை. 1832-ல் பெர்கின்ஸ் என்பவரின் சூடுநீர்க் குழாய் வந்த பிறகுதான் குளிர் விட்டது.

வெளிச்சத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டவருக்குக் கண்ணே போகப் பார்த்தது. 1814 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கண்புரை ஆபரேஷன். மயக்க மருந்து இல்லாத காலம்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அந்த அடி விழுந்தது. ஜார்ஜ் கடனில் மூழ்கி 1814-ல் ஜெயிலுக்குப் போயிருந்தான். அம்மாதான் பணம் கட்டி வெளியே கொண்டுவந்தாள். 1815 செப்டம்பரில் தி சாம்பியன் என்ற பத்திரிகையில், பெயர் போடாமல், இங்கிலாந்தின் கட்டடக் கலை கெட்டுப்போனது பற்றி ரெண்டு கட்டுரை வந்தது. அதில் சோனை வெளுத்து வாங்கியிருந்தது. பேங்க் கட்டடத்தை மட்டும் இல்லை, அவர் குடியிருந்த வீட்டையும் விடவில்லை. இது வீடா, தனக்கே கட்டிக்கொண்ட கல்லறையா என்கிற தொனியில் நக்கல். கட்டுரையைப் படித்த எலிசபெத்துக்கு எழுதியது யார் என்று தெரிந்துபோனது. தான் பெற்ற பையனின் நடை அம்மாவுக்குத் தெரியாதா? ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்தவள் அதன் பிறகு எழவில்லை. நவம்பர் 22-ல் இறந்தாள்.

அந்த ரெண்டு கட்டுரையையும் சோன் கத்தரித்து, ஃப்ரேம் போட்டு, ஜார்ஜ் கொடுத்த மரண அடிகள் என்ற பொருளில் தேதியோடு தலைப்பு எழுதி வீட்டுச் சுவரில் மாட்டினார். வீட்டு அலங்காரம் பற்றி எவ்வளவோ படிக்கிறோம். எந்தப் புத்தகமும் இப்படி ஒரு படத்தை ஹாலில் மாட்டச் சொல்லாது. எலிசபெத்தின் படுக்கையறையை ஏறக்குறைய 20 வருஷம் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார். எந்த ரூமையும் சும்மா விடாத ஆள் தொடாமல் விட்டது அந்த ஒரு ரூமைத்தான். செயின்ட் பான்க்ராஸ் இடுகாட்டில் அவளுக்குத் தானே ஒரு கல்லறை வடிவமைத்தார். நாலு தூண், மேலே அதே தட்டையான குவிமாடம். அவள் தினமும் உட்கார்ந்த சாப்பாட்டு அறையின் கூரைதான் அது. லண்டனின் சிவப்பு டெலிபோன் பூத்தின் தலைப்பகுதியைப் பாருங்க. 1924-ல் அதை வடிவமைத்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் இந்தக் கல்லறையிலிருந்துதான் அந்த வடிவத்தை எடுத்தார் என்று பரவலாகச் சொல்கிறார்கள்.

1823-ல் பெரியவன் ஜானும் காசநோயில் போனான். 37 வயசு. அதே வருஷம் சோன் 14-ஆம் நம்பர் வீட்டையும் வாங்கினார். மறுவருஷம் அதன் பின்பக்கத்தில் பட அறையைக் கட்டினார். துக்கம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், இவர் கொத்தனாரைக் கூப்பிடுவார் போல.

என்னைக் கேட்டால் அந்தப் பட அறைதான் மொத்த வீட்டிலும் புத்திசாலியான ரூம். 13 அடி 8 அங்குலத்துக்கு 12 அடி 4 அங்குலம். நம்ம ஹாஸ்டல் ரூம் சைஸ்தான். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். எப்படி? சுவரே கதவு. கீல் வைத்த பெரிய பலகைகள், முன்பக்கம் படம், திறந்தால் பின்பக்கமும் படம், அதற்குப் பின்னால் இருக்கிற சுவரிலும் படம். 45 அடிக்கு 20 அடி கேலரியில் மாட்டக்கூடிய படங்கள் இதில் அடங்கும் என்று சோன் கணக்குச் சொன்னார். போட்டுப் பாருங்க: இந்த ரூமின் சுற்றளவு 52 அடி, அந்த கேலரியின் சுற்றளவு 130 அடி. ரெண்டரை மடங்கு. தெற்குப் பக்கப் பலகையைத் திறந்தால் சுவரே இல்லை. வெட்டவெளி, எதிரே ஒரு சிலை, கீழே எட்டிப் பார்த்தால் இன்னொரு ரூம். எலிசபெத் 1802-ல் ஏலத்துக்குப் போய் 570 கினிக்கு வாங்கி வந்த ஹோகார்த்தின் எட்டு ஓவியங்களும் இங்கேதான் இருக்கு. அப்பா சேர்த்த சொத்தை அழித்துக் கடன்பட்டு ஜெயிலுக்குப் போகும் ஒரு பையனின் கதை அந்த எட்டுப் படங்கள். வாங்கும்போது ஜார்ஜுக்கு 12 வயசு.

கீழே இருக்கிற அந்த ரூமுக்குத் துறவியின் அறை என்று பெயர். பாதிரியார் ஜொவான்னி என்று ஒரு கற்பனை ஆளை உருவாக்கி, அவர் அங்கே தனியாக வாழ்ந்ததாக வருகிறவர்களுக்குச் சொல்வார். முற்றத்தில் பெரிய கல்லறை ஒன்று, துறவிக்கு என்று நினைப்போம். உள்ளே கிடப்பது எலிசபெத்தின் நாய் ஃபேனி.

அதே 1824-ல்தான் எகிப்து மன்னர் முதலாம் சேத்தியின் சவப்பெட்டி விலைக்கு வந்தது. பிரிட்டிஷ் மியூசியம் வேண்டாம் என்றது. சோன் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கி, பின்சுவரை இடித்து உள்ளே இறக்கினார். வீட்டைக் கல்லறை என்று பையன் எழுதினான், அப்பா நிஜமாகவே சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்! வெளிச்சம் ஊடுருவும் கல் அது. 1825-ல் மூணு ராத்திரி வீடு முழுக்க விளக்கேற்றி நூற்றுக்கணக்கான பேரை அழைத்துக் காட்டினார்.

உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் என்னால் குடியிருக்க முடியாது. சுவர் முழுக்க உடைந்த சிலைத் துண்டு, தலை, கை, தூண் நுனி. ஆனால் ஒவ்வொரு ரூமிலும் எதையாவது கற்றுக்கொண்டு வெளியே வரலாம். அவருக்கும் அதுதான் நோக்கம்.

1831-ல் சர் பட்டம் வாங்கிக்கொண்டார். அதற்கு மேலான, பரம்பரையாக வரும் பட்டத்தை வேண்டாம் என்றார். வாங்கினால் அது ஜார்ஜுக்குப் போகும். வீடும் அவனுக்குப் போகக் கூடாது. சாதாரண உயிலை நம்பாமல் நேராக பார்லிமென்ட்டுக்குப் போனார். வீடும் உள்ளே இருக்கும் எல்லாமும் தன் சாவின்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும், ரசிகர்களும் மாணவர்களும் காசில்லாமல் வந்து பார்க்கணும் என்று தனிச் சட்டமே கேட்டார். சொந்த ரத்தத்துக்குச் சேரவேண்டிய சொத்து இது என்று ஜார்ஜ் எதிர்த்தான். வில்லியம் காபெட் என்ற எம்பி அவனுக்காக மனு கொடுத்தார். எடுபடவில்லை. 1833-ல் சட்டம் நிறைவேறியது.

45 வருஷம் ஒரு ரூமைக்கூட அப்படியே விடாத மனிதர், இனி யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று சட்டம் வாங்கிவிட்டு, அதற்கப்புறமும் தான் மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார். எலிசபெத்தின் படுக்கையறையைக் கடைசியில் மாடல்கள் வைக்கும் அறையாக மாற்றியதுகூட அந்தக் கடைசி வருஷங்களில்தான். 1837 ஜனவரி 20-ல், 83 வயசில், அந்த வீட்டிலேயே இறந்தார். பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் அவர் கட்டிய உள்கட்டடங்களை 1920-களிலும் 30-களிலும் ஏறக்குறைய மொத்தமாக இடித்துவிட்டார்கள். வெளிச்சுவர்தான் மிச்சம். வீடு நிற்கிறது.

சில பெட்டிகளைப் பூட்டி முத்திரை வைத்து 1866, 1886, 1896 என்று வருஷம் குறித்து, அப்போதுதான் திறக்கணும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். புதையல் இருக்கும் என்று காத்திருந்தவர்கள் திறந்து பார்த்தபோது பெரும்பாலும் இருந்தது பழைய கணக்குச் சீட்டுகளும் குடும்பக் கடிதங்களும்தான். செயின்ட் பான்க்ராஸ் கல்லறையில் எலிசபெத்தும், மகன் ஜானும், சோனும் இருக்கிறார்கள். ஜார்ஜ் அங்கே இல்லை.

லண்டன் போகிறவர்கள் ஹோல்பர்ன் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். 13-ஆம் நம்பர். இன்னைக்கும் டிக்கெட் கிடையாது.